பத்து வருஷம், இரண்டு சூட்கேஸ்: எங்கள் வீட்டுப் பயணப் பெட்டிகளின் ரிவ்யூ

2014 மே மாதம் ஒரே நாளில், ஒரே கடையில் இரண்டு சூட்கேஸ் வாங்கினோம். ஒன்று நான் ஆசைப்பட்டது, இன்னொன்று என் மாமியார் பிடிவாதமாகக் கேட்டது. என்னுடையது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் ஓடு போட்ட பெரிய பெட்டி. சக்கரத்தோடு சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரம், நாலு மூலையிலும் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரம், கரும்பச்சை நிறம். அத்தையுடையது சாம்பல் நிறத் துணிப்பெட்டி. 65 சென்டிமீட்டர், பின்பக்கம் இரண்டே சக்கரம், முன்னால் ஜிப் வைத்த இரண்டு பை. "அது தள்ளுறதுக்கு வரும், இதுதான் இழுக்க வரும்மா" என்றார் அத்தை. கடையின் வழவழப்பான டைல்ஸ் தரையில் என் பெட்டி ஒரு விரலுக்கே நகர்ந்ததால், அவர் சொன்னதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

கம்பெனிப் பெயர்களைச் சொல்லவில்லை. இரண்டு மாடலும் இப்போது வருவதில்லை. ஆனால் பெட்டியில் எது முதலில் போகும், எதை மாற்றிக்கொள்ள முடியும், எதை முடியாது என்பது எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் ஒன்றுதான். வாங்கிய வாரத்தில் எழுதும் ரிவ்யூக்களில் இதெல்லாம் வராது. ஒரு சூட்கேஸ் எப்படிப்பட்டது என்று தெரிய நாலைந்து பயணமாவது ஆக வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு வருஷம் அது சும்மா கிடக்கவும் வேண்டும்.

போகிறவர்கள் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், அத்தை, பெரியவன், சின்னவள். பெட்டி வாங்கிய வருஷம் பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டரை.

முதல் பயணம் சிங்கப்பூர். அங்கே பச்சைப்பெட்டிதான் ராஜா. மெட்ரோ ஸ்டேஷன், நடைபாதை, லிஃப்ட் என்று எங்கே போனாலும் தரை சமமாக இருந்தது. ஒரு கையில் சின்னவளைத் தூக்கிக்கொண்டு மறுகையால் லேசாகத் தொட்டால் போதும், 20 கிலோ பெட்டி கூடவே நடந்து வந்தது. மணிக்கட்டில் பாரமே இல்லை. சாங்கி விமான நிலையத்தில் தரைவிரிப்பு போட்ட இடங்களில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நாலு சின்னச் சக்கரமும் விரிப்பில் அமுங்கும்போது தள்ளுவது கனக்கிறது. அதை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

2016-ல் இத்தாலி போனோம், ரோமும் வெனிஸும். ரோமின் பழைய தெருக்களில் சாம்பியத்ரீனி என்ற கருங்கற்களைப் பாவியிருப்பார்கள். மேலே சதுரமாகத் தெரியும் சின்னச் சின்ன எரிமலைக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. ராத்திரி பத்தரை மணிக்கு டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து தங்கும் இடத்துக்கு நடந்தோம். பத்து நிமிஷ நடை என்று சொல்லியிருந்தார்கள். பச்சைப்பெட்டி முதல் சந்திலேயே நின்றுவிட்டது. திரும்பும் சக்கரம் கல்லிடுக்கில் இறங்கினால் குறுக்காகத் திரும்பிக்கொள்கிறது. அதை நேராக்கி ஓரடி நகர்த்தினால் அடுத்த சக்கரம் இறங்குகிறது. சாய்த்து இரண்டு சக்கரத்தில் இழுத்துப் பார்த்தார் என் வீட்டுக்காரர். சக்கரங்கள் நடுங்கி, அந்த அதிர்வு கைப்பிடி வழியாகத் தோள் வரை ஏறியது. கடைசியில் பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நடந்தார். பெட்டி 22 கிலோ. முப்பது அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து கை மாற்றினார். சின்னவள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

எங்களுக்கு முன்னால் அத்தை போய்க்கொண்டிருந்தார். துணிப்பெட்டியைச் சாய்த்து, ஒரு கையை பின்னால் நீட்டி, நிற்காமல் போனார். அதன் சக்கரங்கள் ஏழு சென்டிமீட்டர் விட்டம், கெட்டி ரப்பர். என் பெட்டியின் சக்கரம் ஐந்து. ஏழு சென்டிமீட்டர் சக்கரம் இடுக்கில் இறங்காமல் கல்லின் மேலேயே ஏறிப் போய்விடுகிறது. அதோடு அந்தச் சக்கரங்கள் திரும்பாது, ஒரே திசையில் பொருத்தப்பட்டவை. தப்பான பக்கம் திரும்பிக்கொள்ள அவற்றுக்கு வழியே இல்லை. தங்குமிடத்தின் வாசலில் பத்து நிமிஷம் எங்களுக்காகக் காத்திருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

சூட்கேஸுக்குச் சக்கரம் வந்த கதையும் இப்படித்தான் போகிறது. பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் 1970-ல் யோசித்து, 1972-ல் காப்புரிமை வாங்கியது நாலு சக்கரப் பெட்டி. வாரைக் கட்டி நாய்க்குட்டியை இழுப்பதுபோல இழுக்க வேண்டும். 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி வைத்து, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் போட்டார். தினமும் பெட்டியோடு நடக்கிறவர் செய்து பார்த்த மாற்றம் அது. துணிப்பெட்டி அந்த வம்சம்.

வெனிஸில் இரண்டு பெட்டிக்கும் ஒரே மரியாதைதான். அந்த ஊரில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். அங்கே சக்கரத்துக்கு வேலை இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை யாரும் கடையில் பார்ப்பதில்லை. பச்சைப்பெட்டியில் அது மெல்லிய பிளாஸ்டிக், விரல்களை அறுத்தது. துணிப்பெட்டியில் பஞ்சு வைத்துத் தைத்தது, கீழேயும் ஒரு பிடி இருந்தது. பெரியவன் கீழ்ப்பிடியை எடுத்துக்கொள்ள, அத்தையும் அவனுமாகப் பாலம் பாலமாக ஏறி இறங்கினார்கள். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பயணத்தில் அவன் இன்றைக்கும் சொல்வது அதைத்தான், பார்த்த இடங்களைப் பற்றி அல்ல.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிறைய விமானங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரைதான் அனுமதி. பச்சைப்பெட்டி வெறுமனே 4.4 கிலோ. ஆக, நம் சாமான் 18.6 கிலோதான். ஆனால் பெட்டி பெரிதாக இருப்பதால் இடம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும், கை தானாக எதையாவது திணிக்கும். கூடுதல் எடைக்குக் காசு கட்டினாலும், 32 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் பெட்டியைப் பெரும்பாலான விமானங்களில் ஏற்றவே மாட்டார்கள், தூக்கிப் போடுகிற ஊழியர்களின் முதுகுக்காக. கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்து துணியை இடம் மாற்றும் அவஸ்தை அதோடு தீர்ந்தது.

2018-ல் பிள்ளைகளுக்கென்று மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி வாங்கினோம். பார்க்கப் பச்சைப்பெட்டியின் தம்பி மாதிரியே இருக்கும், ஆனால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். விமானத்தின் கேபினுக்குள் இடமில்லை என்று வாசலிலேயே வாங்கி, கீழே சரக்கறைக்கு அனுப்பிவிட்டார்கள். பெல்ட்டில் வந்தபோது ஒரு மூலை உடைந்து, மூன்று விரல் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அதே பெல்ட்டில் வந்த பச்சைப்பெட்டியிலும் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். ஆனால் திறந்து உள்பக்கமிருந்து கட்டைவிரலால் அழுத்தியதும் 'டப்'பென்று வெளியே வந்துவிட்டது. பாலிகார்பனேட்டுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கையால் தெரிந்துகொண்டேன். ஒன்று வளைந்து கொடுக்கும், இன்னொன்று கெட்டியாக நின்று ஒரு கட்டத்தில் விரிசல் விடும், அதுவும் குளிரில் சீக்கிரம். ஓடு போட்ட பெட்டி வாங்குவதென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் பொருளின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உடைந்த பெட்டியைக் காட்டியபோது அந்த விமான நிறுவனத்தின் கவுன்டரில் இருந்தவர், "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்க மேடம், பார்த்துக்குவாங்க" என்றார். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள், எனக்கும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நான் நகரவில்லை. பிஐஆர் என்று ஒரு படிவம் உண்டு, சாமான் சேதத்தையோ காணாமல் போனதையோ பதிவு செய்வது. அதை விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே போட்டு, எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். 1999-ஆம் வருஷத்து மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தாமதமாக வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாள். இந்த நாள் கணக்கைத் தவறவிட்டால் நம் பக்கம் நியாயம் இருந்தும் பயனில்லை. நாங்கள் பிஐஆர் எண், உடைந்த மூலையின் போட்டோ, பெட்டியில் ஒட்டிய பார்கோடு சீட்டு மூன்றையும் சேர்த்து மறுநாளே அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பணம் வந்தது, முழுதாக இல்லை என்றாலும் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போயிருந்தால் அதுவும் வந்திருக்காது.

அதற்கப்புறம் அத்தை ஒரு பழக்கம் கொண்டுவந்தார். ஒவ்வொருவருடைய ஒரு நாள் உடுப்பை அடுத்தவர் பெட்டியில் வைப்பது. எந்தப் பெட்டி வராமல் போனாலும் யாரும் மாற்றுத்துணி இல்லாமல் நிற்க மாட்டோம். இன்றுவரை அப்படித்தான் அடுக்குகிறோம்.

பூட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பச்சைப்பெட்டியில் சிவப்பு வைர முத்திரை போட்ட மூன்று எண் டிஎஸ்ஏ பூட்டு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகள் தங்களிடம் உள்ள பொதுச்சாவியால் உடைக்காமல் திறந்து சோதிப்பதற்காக வந்தது அது. அந்தச் சாவிகளின் படம் வெளியாகி, 2015-லேயே முப்பரிமாண அச்சில் நகல் எடுத்துவிட்டார்கள். பூட்டை விடுங்கள், ஜிப்பின் பல்வரிசைக்குள் பால்பாயிண்ட் பேனா முனையைக் குத்தினாலே பிளந்துகொள்கிறது. பூட்டிய ரன்னரைப் பிளவின் மேல் ஓட்டினால் பழையபடி மூடியும் கொள்கிறது. என் வீட்டுக்காரர் வீட்டில் செய்து காட்டியபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அன்றிலிருந்து நகை, மருந்து, கேமரா எதையும் கீழே போகும் பெட்டியில் வைப்பதில்லை. பூட்டு இருப்பது வழியில் தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, அவ்வளவுதான்.

2020-லிருந்து மூன்று வருஷம் எங்கேயும் போகவில்லை. இரண்டு பெட்டியும் பரணில் கிடந்தன. 2023 ஏப்ரலில் இலங்கை போவதற்காகப் பச்சைப்பெட்டியை இறக்கினேன். தூசி துடைத்தேன், ஓடு பளபளவென்று புதுசு போலவே இருந்தது. ஹாலில் நிறுத்தித் தள்ளியதும் தரையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் போனால், துணியில் தார் மாதிரி ஒட்டியது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சக்கரத்தின் கறுப்புத் தோல் காய்ந்த குளத்து மண்போல வெடித்திருந்தது. நகத்தால் தொட்டதும் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. வெளியே உதிரி, உள்ளே பிசுபிசுப்பு. அதற்கும் கீழே வெள்ளைப் பிளாஸ்டிக் அச்சு தெரிந்தது. நாலு சக்கரமும் அப்படியே. ஓடித் தேய்ந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். ஓடாமலே போயிருந்தது.

சக்கரம் மாற்றித் தந்தவர்தான் விளக்கினார். அந்தக் கறுப்புத் தோல் பாலியூரித்தேன். சத்தமில்லாமல் உருள்வதற்காகப் போடுவது. காற்றில் உள்ள ஈரம் வருஷக்கணக்கில் அதன் இணைப்புகளை அறுத்துக்கொண்டே இருக்கும், ஹைட்ராலிசிஸ் என்பார்கள். அலமாரியில் வைத்த ஷூவின் அடி திடீரென்று உதிர்வதும் இதே காரணத்தால்தான். இதை முழுக்கத் தடுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காதீர்கள். காற்றோட்டமான, காய்ந்த இடத்தில் வையுங்கள். பயணத்துக்கு முந்தின ராத்திரி இல்லை, ஒரு மாதம் முன்னாலேயே இறக்கி உருட்டிப் பாருங்கள். நான் மூன்று நாள் முன்னால் பார்த்ததால் அந்தப் பயணத்துக்குப் பச்சைப்பெட்டி வரவில்லை.

மாற்றுவதிலும் ஒரு சிக்கல். என் பெட்டியில் சக்கரக்கூடு ரிவெட் அடித்துப் பொருத்தியது. ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, அளவு ஒத்துவரும் கூட்டைத் தேடிப் பிடித்து, நட்டு போல்ட்டு போட வேண்டியதாயிற்று. துணிப்பெட்டியில் ஸ்க்ரூ. அதன் பேரிங் துருப்பிடித்துக் கீச்சிட்டதால் அதையும் கொடுத்திருந்தேன். 608 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங், ரோலர் ஸ்கேட்டில் போடுவது, எங்கேயும் கிடைக்கும். கால்மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதனால் யார் பெட்டி வாங்கப் போனாலும் நான் சொல்வது: கடையில் பெட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தடியைப் பாருங்கள். ஸ்க்ரூ தலை தெரிந்தால் நல்லது.

துணிப்பெட்டி குறையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். மழையில் நனைந்தால் ஓரத்தில் கசியும். உள்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பூச்சும் பாலியூரித்தேன் வகைதான், அதுவும் பரணில் தோலுரிந்து வெள்ளைத் துகள்களாகத் துணியில் ஒட்டியது. மொத்தமாக உரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. இப்போது துணிகளைத் தனித்தனிப் பையில் போட்டு வைக்கிறோம். முன்பையின் ஜிப் ரன்னரும் ஒரு தடவை மாற்றியாயிற்று.

இலங்கையில் கண்டியிலிருந்து எல்ல என்ற மலையூருக்குப் போகும் ரயிலில் துணிப்பெட்டி மட்டும் வந்தது. மலையேறும் வண்டி, வளைவுக்கு வளைவு ஆட்டம். சாய்த்து வைத்த பெட்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எதிர் இருக்கைக்காரர்களின் நாலு சக்கரப் பெட்டி ஒவ்வொரு வளைவிலும் உருண்டு வந்து எங்கள் முழங்காலை இடித்தது. சின்னவள் அதைப் பாதிவழி காலால் அணைபோட்டு நிறுத்திக்கொண்டு வந்தாள்.

2024-ல் ஜப்பான். புதுச் சக்கரத்தோடு பச்சைப்பெட்டியும் வந்தது. அங்கே டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாகப் போகும் டொக்காய்டோ ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு விதி, 2020 மே மாதத்திலிருந்து உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெரிய சாமானுக்கு இடம் உள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். டேப் வைத்து அளந்தேன். 75, 52, 31. கூட்டினால் 158. நிறைய விமானங்களின் செக்-இன் அளவும் அதே 158-தான் என்பதால், பெட்டிகளை அந்த அளவுக்கே செய்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டரில் தப்பித்தோம்.

ஆனால் அந்த ஊரில் பெட்டியை ரயிலில் ஏற்றவே வேண்டியதில்லை. தக்யூபின் என்று வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்த் தரும் சேவை 1976-லிருந்தே நடக்கிறது. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் பச்சைப்பெட்டியைக் கொடுத்துச் சீட்டு எழுதினோம், மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் எங்கள் அறைக்கு முன்னால் நின்றது. ஓட்டில் புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை. துணிப்பெட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு ஐந்து பேரும் ரயிலேறினோம். பெரிய பெட்டி வைத்திருக்கிற குடும்பங்களுக்கு இதைவிட உதவியான சேவையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கிளம்பிய அன்று துணிப்பெட்டியின் முன்பையில் பவர் பேங்க் இருந்ததைச் சின்னவள்தான் கடைசி நிமிஷத்தில் ஞாபகப்படுத்தினாள். கீழே போகும் பெட்டியில் அதை வைக்கவே கூடாது, கையோடுதான் எடுத்துப்போக வேண்டும். எங்களுடையது 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் ஹவர். நூறு வரை தனி அனுமதி தேவையில்லை. வெளியே பை வைத்த துணிப்பெட்டியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, எளிதில் திறக்கலாம் என்பதால் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோகிறோம்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால், பச்சைப்பெட்டிக்கு மூன்று, துணிப்பெட்டிக்கு நாலரை. அரை ஸ்டார் குறைந்தது கைப்பிடியால். அதை முழுதாக இழுத்தாலும் தரையிலிருந்து 95 சென்டிமீட்டர்தான் வருகிறது. ஏழு வயதில் தலைக்கு மேல் கை நீட்டி அதைப் பிடித்துத் தொங்கிய பெரியவன் இப்போது அவன் அப்பாவைவிட உயரம். கியோட்டோ ஸ்டேஷனில் அதை வாங்கி இழுத்தவன், நாலடி வைப்பதற்குள் குதிகாலில் இடித்துக்கொண்டு, முதுகை ஒரு பக்கம் வளைத்துக்கொண்டு நடந்தான். "குடுடா, அது என் அளவு" என்று அத்தை வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுபது வயது ஆகிறது, அந்தக் கைப்பிடி அவர் கைக்குச் சரியாக நிற்கிறது. அடுத்த பெட்டி பெரியவனுக்கு. அவனையே கடைக்குக் கூட்டிப்போய், கைப்பிடியை முழுக்க இழுத்து அவன் கையில் கொடுத்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்கப் போகிறேன்.